மகளின் அறையும் பழைய பேப்பர் கடையும்

போன வருடம் போகிக்கு முந்தின சனிக்கிழமை. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகளுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. நான் வேலை பார்க்கும் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். அவள் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் விளக்குமாறும் இரண்டு சாக்கும் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனேன்.

அந்த அறையைப் பார்த்து மாதக்கணக்கில் கத்தியிருந்தேன். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் துணிக்குவியல். கட்டிலில் பாதி இடம் புத்தகங்களுக்கு, மீதி இடத்தில் சுருண்டு அவள். மேசைக்கு அடியில் நோட்டுகள், ஜெராக்ஸ் தாள்கள், டியூஷனில் கொடுத்த கேள்வித்தாள்கள், காலி பேனாக்கள், காபி காய்ந்து ஒட்டிப்போன தம்ளர். சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் நானே செய்துவிடுவதென்று இறங்கிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் அறை பளிச்சென்று ஆனது. இரண்டு சாக்குப் பேப்பரையும் ஸ்கூட்டியில் வைத்து பழைய பேப்பர் கடையில் போட்டேன். 17 கிலோ. கிலோ 12 ரூபாய். 204 ரூபாயைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பொங்கலுக்குக் கரும்பு வாங்க ஆச்சு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தாள். வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அப்புறம்தான் கேட்டாள்: "ம்மா, இங்க பிரவுன் அட்டை போட்டு ஒரு கட்டு இருந்துச்சே, எங்க?"

அந்தக் கட்டில் இருந்தது கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு. ஜூன் முதல் செய்த ஒவ்வொரு பரிசோதனையும் அதில் எழுதி, படம் வரைந்து, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு.

இருவரும் ஸ்கூட்டியில் பறந்தோம். கடையில் அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் ஷட்டரை ஏற்றி லைட்டைப் போட்டார். ஆனால் அவர் கடையில் வரும் பேப்பரை அன்றன்றைக்கே பிரித்துவிடுவார். செய்தித்தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், எழுதின நோட்டுத்தாள் ஒரு பக்கம். விலை வேறு வேறு என்பதால் அப்படி. எழுதின தாள் குவியல் என் இடுப்பு உயரம் இருந்தது. அவள் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாக எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்து வைத்தாள். யார் யாரோ பிள்ளைகளின் நோட்டுகள். முக்கால் மணி நேரம் ஆனது. ரெக்கார்டு கிடைத்தது. பிரவுன் அட்டை கிழிந்திருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. நான் மூச்சு விட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் தேடினாள்.

"இன்னும் என்னத்தா?"

"நீல அட்டை. 80 பக்க நோட்டு."

அது கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதில் எழுதி வந்திருக்கிறாள். என்ன எழுதினாள் என்று அன்று சொல்லவில்லை, இன்று வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் எப்போதும் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வருகிறவள், பள்ளிப் பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அன்று முதல் பத்து நாள் அறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பத்து நாள்தான். இதே வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அவர்கள் இல்லாத நேரத்தில் அறைக்குள் புகுந்து சுத்தம் செய்துவிடலாமே என்று யாருக்காவது தோன்றினால் தயவு செய்து வேண்டாம். நமக்குக் குப்பையாகத் தெரிகிற குவியலுக்குள் எது எங்கே இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அது தெரியாமல் போனதால் ஒரு நோட்டு போனது, அதோடு என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையும் கொஞ்சம் போனது. நோட்டைத் திரும்ப வாங்க முடியாது. மற்றதை ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பதினோராம் நாள் கதவைத் தட்டினேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யார் கதவையும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். "உள்ளே வரட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. தப்பு என்னுடையது என்று சொன்னேன். இனி உன்னைக் கேட்காமல் ஒரு தாளைக்கூட எடுக்க மாட்டேன் என்றேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். ஆனால் கதவைத் திறந்தே வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, அவள் கண் முன்னாலேயே அறையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தோம். சுத்தம் செய்ய இல்லை, வெறுமனே பார்க்க. அன்றுதான் எனக்குப் பல விஷயம் தெரிந்தது.

முதலாவது, அறையில் இருந்த சாமானில் கிட்டத்தட்டப் பாதி அவளுடையதே இல்லை. பரண் முழுக்க சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கான மெத்தை, தலையணை, ஜமுக்காளம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எங்கள் வீட்டில் பதினைந்து பேராவது படுப்பார்கள், மற்ற நாளெல்லாம் அவை அவள் தலைக்கு மேலேதான். கட்டிலுக்கு அடியில் கொலு பொம்மைப் பெட்டிகள் மூன்று. மூலையில் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி, பழைய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, தையல் மெஷின் மூடி. பீரோவின் கீழ்த்தட்டு இரண்டும் என் பட்டுப்புடவைகள். மேல்தட்டு இரண்டில்தான் அவள் துணி மொத்தமும். வீட்டின் ஸ்டோர் ரூமில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, ஏன் இடம் நெருக்கடியாக இருக்கிறது என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தோம். பத்துக்குப் பத்து அறை அது. அந்த வாரமே என் புடவைகளை என் அறைக்கு மாற்றினேன். கொலுப் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போயின. டிரங்குப் பெட்டியை அப்பத்தா தன் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளையிடம் எதையும் சொல்வதற்கு முன் வீட்டிலிருப்பவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை இது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நாற்காலித் துணி. அதை ஒவ்வொன்றாக எடுத்து, "இது துவைக்கவா, துவைத்ததா?" என்று கேட்டேன். பெரும்பாலானவற்றுக்கு "ரெண்டும் இல்ல" என்றாள். டியூஷனுக்கு இரண்டு மணி நேரம் போட்ட சுடிதார். அதைத் துவைத்த துணியோடு பீரோவில் வைக்க அவளுக்கு மனசில்லை, துவைக்கப் போட்டால் நான் திட்டுவேன், "ரெண்டு மணி நேரம் போட்டதுக்கு ஒரு துவைப்பா" என்று. அப்படியானால் அது எங்கே போகும்? நாற்காலிக்குத்தான். ஹார்டுவேர் கடையில் ஆறு கொக்கி உள்ள கட்டை 250 ரூபாய்க்கு வாங்கி, கதவுக்குப் பின்னால் அடித்துக் கொடுத்தார் அவள் அப்பா. அரைகுறையாகப் போட்ட துணி அங்கே. ஆறு கொக்கியும் நிறைந்துவிட்டால் அடியில் இருப்பது துவைக்கப் போகும். அந்த நாற்காலியில் இப்போது அவள் உட்காருகிறாள். நான் கத்திக் கத்தியும் முடியாததை ஒரு கொக்கிக் கட்டை முடித்துவைத்தது.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன், ஆனால் பெண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது உதவும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செய்தித்தாளில் சுற்றிய சில பொட்டலங்கள் இருந்தன. நாப்கின். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, ஆனால் அவள் முகம் சிவந்திருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். குப்பைக்கூடை எங்கள் வீட்டில் அடுப்படியில் இருக்கிறது. அங்கே போக ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவையும் தம்பியையும் தாண்ட வேண்டும். கையில் பொட்டலத்தோடு தாண்ட அவளுக்குக் கூச்சம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போடலாம் என்று வைத்து மறந்துவிடுவாளாம். மூடியுள்ள சின்னக் கூடை ஒன்று, பழைய செய்தித்தாள் கொஞ்சம். இரண்டையும் குளியலறை மூலையில் வைத்தேன். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதை நன்றாகச் சுற்றித்தான் குப்பையில் போடச் சொல்லியிருந்தன. தூய்மைப் பணியாளர் வெறும் கையால் இதைப் பிரிக்க நேரக்கூடாது என்பதையும் அவளிடம் சொன்னேன். பொட்டலத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கும் பழக்கத்தை அவளாகவே ஆரம்பித்தாள். இதைச் சோம்பல் என்று நான் எத்தனை நாள் நினைத்திருப்பேன்!

எதையெல்லாம் நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறை அவளுடையது என்று விட்டேன், ஆனால் சிலது வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது. சாப்பிட்ட தட்டும் தம்ளரும் படுப்பதற்கு முன் அடுப்படிக்கு வந்துவிட வேண்டும். எறும்பும் கரப்பானும் அவள் அறையோடு நிற்பதில்லை. ஈரத்துண்டு கட்டிலிலோ தரையிலோ கிடக்கக் கூடாது. செல்போனையோ லேப்டாப்பையோ மெத்தை மேல், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடக் கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் பஞ்சுக்குள் அது கிடப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். கதவிலிருந்து கட்டில் வரை கால் வைத்து நடக்க வழி இருக்க வேண்டும், ராத்திரி கரண்ட் போனால் யாரும் தடுக்கி விழாமல் இருக்க. இவ்வளவுதான். மேசை மேல் எப்படி இருந்தாலும், சுவரில் என்ன ஒட்டினாலும், புத்தகம் தலைகீழாகக் கிடந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஈரத்துண்டு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த இரண்டு மாதமும் காலையில் எழுந்ததும் பத்துத் தும்மலாவது போடுவாள். டாக்டர் தூசியையும் பூஞ்சையையும்தான் சொன்னார். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம். பெட்ஷீட்டும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை வெந்நீரில். மெத்தைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் சாகச் சுமார் 60 டிகிரி சூடு வேண்டும், பச்சைத் தண்ணீரில் சாகாது. வெயில் அடிக்கிற நாளில் மெத்தையை மாடியில் காயப்போடுவதை அப்பத்தா எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள்தான் சோம்பிவிட்டோம். இந்த மழைக்காலத்தில் தும்மல் நன்றாகக் குறைந்திருக்கிறது. அதை அவளே உணர்ந்த பிறகு துண்டைப் பற்றி நான் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

அடுத்தது நேரம். அவள் நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். காலை 6 மணிக்கு டியூஷன். 9 முதல் 4:30 வரை பள்ளி. சாயங்காலம் இன்னொரு டியூஷன். வீடு வந்து சேர 8:30. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கும்போது 11:30 தாண்டிவிடும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் மகளுக்கு ஆறு கூடக் கிடைக்கவில்லை. பருவ வயதில் உடம்புக்கே தூக்கம் தாமதமாகத்தான் வரும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தினம் காலையில் அறையைச் சீர் செய்துவிட்டுப் போ என்று நான் கேட்டது, அவள் தூக்கத்திலிருந்து பத்து நிமிடத்தைப் பிடுங்குவதாகத்தான் இருந்தது.

இதற்கு வழி என் கடையிலிருந்து கிடைத்தது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சேலைப் பிரிவில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் நாற்பது சேலையைப் பிரித்துப் போடுவார்கள். விரிப்பு முழுக்கச் சேலை மலை. அடுத்த குடும்பத்துக்கு அந்த மலை மேலேயே இன்னும் நாற்பது. அந்த நேரத்தில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, வியாபாரம் நடக்கும்போது அப்படித்தான் இருக்கும். கூட்டம் ஓய்ந்ததும் மடிக்கிற ஆட்கள் உட்காருவார்கள். பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரத்தில் எல்லாம் மடிந்து அடுக்குக்குப் போய்விடும். தினமும் பார்க்கிற காட்சி, ஆனால் வீட்டோடு சேர்த்து யோசித்ததே இல்லை. அவளுக்கு வாரம் பூராவும் வியாபார நேரம். மடிப்பு நேரம் சனிக்கிழமை ராத்திரி என்று வைத்துக்கொண்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். அவள் பாட்டு போட்டுக்கொள்வாள். அவள் கூப்பிட்டால் நான் போய் உட்கார்ந்து மடிப்பேன், கூப்பிடாவிட்டால் போக மாட்டேன். பரீட்சை வாரத்தில் மடிப்பு கிடையாது.

பேச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. "ரூமைச் சுத்தம் பண்ணு" என்று சொன்னால் அவள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு எங்கே தொடங்குவதென்று தெரியாமல் உட்கார்ந்துவிடுவாள். "தம்ளரை மட்டும் எடுத்துட்டு வா கண்ணு" என்றால் உடனே வருகிறது. வருகிற வழியில் தட்டையும் சேர்த்து எடுத்து வருகிறாள். ஒரு தடவைக்கு ஒரு வேலை. வாரம் 50 ரூபாய் தருகிறேன் என்று ஆசை காட்டியதும், செல்போனைப் பிடுங்கி வைத்ததும் முன்பே செய்து பார்த்தவை. பணம் இரண்டு வாரம்தான் வேலை செய்தது. போனைப் பிடுங்கினால் வகுப்புக் குழுவில் வரும் வீட்டுப்பாடமும் சேர்ந்து போய்விடுகிறது, சண்டைதான் மிச்சம்.

மிகவும் கடினமாக இருந்தது அப்பத்தாவிடம் பேசியது. என் மாமியாருக்கு 74 வயது. அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம், "பொம்பளப் பிள்ள படுக்கிற இடமாடி இது? போற வீட்ல என்னயத்தான கேப்பாக" என்பார். உண்மையைச் சொன்னால் என் கோபத்திலும் பாதி இதுதான். சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான் என் குரல் அதிகம் உயரும். பத்தடி தள்ளி அவள் தம்பியின் மூலை இதைவிட மோசம். கிரிக்கெட் பேட், சாக்ஸ், முறுக்குத் தூள். அவனிடம் யாரும் போகப்போகிற வீட்டைப் பற்றிப் பேசியதில்லை. இதை மகள் ஒருநாள் கேட்டாள். கத்திக் கேட்கவில்லை, துப்பட்டாவை மடித்துக்கொண்டே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரத்திலிருந்து மடிப்பு நேரம் தம்பிக்கும் சேர்த்துத்தான். அத்தையிடமும், "அத்தே, அவ துணிய அவ மடிக்கட்டும், அவன் துணிய அவன் மடிக்கட்டும், போற வீட்டுக்காக வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னேன். முதலில் முறைத்தார். இப்போது சனிக்கிழமை ராத்திரி பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, கால்சட்டையை மடிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் கடையில் கூட வேலை பார்க்கும் ஒருவரின் மகன் நன்றாக அறையை வைத்துக்கொள்கிற பையன். சில வாரங்களில் எல்லாம் மாறியது. அறை கலைந்தது, கூடவே சாப்பாடு குறைந்தது, குளிப்பதில்லை, நண்பர்கள் கூப்பிட்டாலும் போவதில்லை, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். வீட்டில் சோம்பேறி என்று திட்டிக்கொண்டே இரண்டு மாதம் போய்விட்டது. டாக்டரிடம் போன பிறகுதான் அது மனச்சோர்வு என்று தெரிந்தது. அறை மட்டும் கலைந்திருந்தால் கொக்கி அடித்துக் கொடுக்கலாம். பிள்ளையே மாறிப்போயிருந்தால் அறையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம்.

தீபாவளி அன்று காலை தெருவில் பட்டாசு வெடித்து முடிந்ததும் மகள் வாசலில் குனிந்து எதையோ எடுத்தாள். வெடியைச் சுற்றியிருந்த தாள். யாரோ ஒரு பிள்ளையின் நோட்டுத்தாள், பேனாவில் எழுதிய ஒன்றிரண்டு வரி கருகாமல் இருந்தது. கொஞ்ச நேரம் படித்துப் பார்த்தாள். "என்னோடது இல்ல" என்று சொல்லிக் கீழே போட்டாள். சொல்லும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நீல அட்டை நோட்டைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான்.

இந்த ஜனவரியில் போகிக்கு முந்தின வாரம் நான் எதுவும் சொல்லவில்லை. பிளஸ் டூ, பொதுத்தேர்வு நெருங்குகிறது, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிறு மத்தியானம் அவளே அறைக்கு வெளியே இரண்டு கட்டு கொண்டுவந்து வைத்தாள். சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒன்றின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் "போடலாம்". இன்னொன்றின் மேல் "அம்மா, இதைத் தொடாதே".

முதல் கட்டை எடுத்துக்கொண்டு நான் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். இரண்டாவது கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, அவள் ராத்திரி வந்து எடுத்து உள்ளே வைக்கும் வரை.